பெயர் பொறிக்காத உபயம்

சிடாம் கிரி தொடங்கி சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வரை கெடா மாநிலத்தின் எந்தக் கோயிலுக்குப் போனாலும் 'உபயம்' என்ற சொல் கண்ணில் படும். காற்றாடியில், விளக்கில், அன்னதான அண்டாவில் அந்தச் சொல்லும் அதன் கீழே மறைந்துபோன ஒருவரின் பெயரும் இருக்கும். இறந்தவர் நினைவாக நாலு பேருக்குப் பயன்படும் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நம் தோட்டப்புற மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால், புற்றுநோய் ஓர் உயிரைக் கொண்டுபோன வீட்டில் துக்கத்தோடு ஒரு கேள்வியும் தங்கிவிடுகிறது. 'முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே?' இந்தக் கேள்விக்குக் காற்றாடியும் அண்டாவும் பதில் ஆகுமா? பதில் தேடப் புறப்பட்ட ஒரு தமிழ்ப் பெண்மணியின் வரலாறு நமக்கு வழிகாட்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்காள் மருத்துவர், ஆனாலும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த நோய்க்கென்று தனி மருத்துவமனை அன்று சென்னையில் இல்லை. அப்படி ஒன்றை எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் அந்த மரணத்தில்தான் பிறந்தது.

எண்ணம் பிறந்ததும் கட்டடம் எழுந்துவிடவில்லை. இடையில் அவர் 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நுழைந்தார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்டார். ஆயினும் தங்கையை மறக்கவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனையின் தேவையை எடுத்துரைத்தார். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், மருத்துவமனை எதற்கு என்று ஆட்சியில் இருந்தவர்களே கேட்ட காலம் அது.

பிறகு இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை வெறும் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. முத்துலட்சுமி அம்மையாருக்கு வயது 67.

இதே காலத்தில் பம்பாயிலும் ஒரு நினைவாலயம் எழுந்தது. தொழிலதிபர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். மனைவியின் நினைவாக 1932இல் கணவர் அமைத்த அறநிதி இன்றும் இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் துணைநிற்கிறது. 1941இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனையும் திறக்கப்பட்டது. அது ஒரு பெருஞ்செல்வக் குடும்பத்தின் கொடை. அடையாற்றுக்கோ அப்படி ஒரு குடும்பம் இல்லை; சங்கம் திரட்டிய நிதியே அதன் அடித்தளம். அந்த மருத்துவமனையின் பெயரில் தங்கையின் பெயர் இல்லை. சங்கத்தின் பெயர்தான் இருக்கிறது.

நிறுவனராகிய அம்மையார் 1968இல் மறைந்தார். பணி நிற்கவில்லை. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அங்குப் பணியில் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2005இல் மகசேசே விருது பெற்ற சாந்தா, 2021இல் மறையும்வரை அந்த வளாகத்தையே வீடாகக் கொண்டிருந்தார். ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சை என்ற கொள்கை தொடர்கிறது. தனிமனிதரின் துக்கம் பொது நிறுவனமாக மாறியதால்தான் இது முடிந்தது.

பலர் சேர்ந்து பணம் திரட்டுவது கெடா மக்களுக்குப் புதிதா என்ன? தோட்டங்கள் துண்டாடப்பட்ட வேளையில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய தோட்டங்களுள் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமும் ஒன்று. பத்து வெள்ளியின் பலத்தை நம் பெற்றோர் அன்றே காட்டிவிட்டார்கள்.

மலேசியாவில் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் 1966 முதல் இயங்கி வருகிறது. புற்றுநோய்க்கு ஒருவரைப் பறிகொடுத்த குடும்பங்கள், திதி நாளில் அன்னதானத்தோடு ஒரு பங்கை இத்தகைய பதிவுபெற்ற அமைப்புக்கு அனுப்பலாம். ரசீது வாங்கலாம், கணக்குக் கேட்கலாம். அது தப்பல்ல, கொடுத்தவரின் உரிமை. நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வண்டிச் செலவைத் தோட்டத்து இளைஞர்கள் கூடி ஏற்கலாம். அந்த நாளிலேயே வீட்டுப் பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம்.

உபயத்தில் பெயர் இருப்பது குற்றமில்லை. ஆனால், நம் வீட்டில் நேர்ந்த இழப்பு அடுத்த வீட்டில் நேராமல் தடுத்தால், போனவருக்கு அதைவிடப் பெரிய நினைவு வேறு என்ன இருக்கிறது?