பெயர் இல்லாமல் போன சிப்பாய்கள்



எம்டன் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய ஜெர்மன் கப்பல். அந்தப் பாடம் வந்தால் கடைசி பெஞ்சும் விழித்துக்கொள்ளும். ஆனால் அதே முதல் உலகப் போருக்கு நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களைப் பற்றி நான் வகுப்பில் அதிகம் சொன்னதில்லை. அந்தக் கடனை இன்று கொஞ்சம் தீர்க்கிறேன்.

எங்கள் ஆயாவின் அண்ணன் "பஸ்ரா சண்டை"க்குப் போனவர், திரும்பி வரவில்லை. திண்டிவனத்தில் ரயில் ஏறினார் என்று மட்டும் ஆயா சொல்வார். அவர் பெயர் என்ன? ஆயா "அண்ணன்" என்றே சொன்னார். நாங்கள் "சிப்பாய் தாத்தா" என்றோம். வரலாறு படித்த நானும் ஆயா இருக்கும்வரை கேட்கவில்லை. இப்போது சொல்ல யாரும் இல்லை.

அந்தப் போருக்குச் சென்னை மாகாணத்தில் சுமார் 92 ஆயிரம் பேரைச் சேர்த்தார்கள். அதில் ஏறக்குறைய 41 ஆயிரம் பேர் துப்பாக்கி பிடிக்காதவர்கள். மூட்டை தூக்கவும், பாதை போடவும், சமைக்கவும் சேர்க்கப்பட்டவர்கள். பலர் போன இடம் மெசபடோமியா, இன்றைய ஈராக். அங்கே குண்டு மட்டும் கொல்லவில்லை. வெயிலும் காலராவும் சீதபேதியும் சேர்ந்து கொன்றன.

கல்லறை தெரியாமல் அங்கே மறைந்த 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக 1929இல் பஸ்ராவில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். ஆனால் அந்தச் சுவரில் ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்கள், படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை.

பெயர் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதே அரசு பிரான்ஸில் நவ் சபேல் என்ற ஊரில் 1927இல் கட்டிய நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறது. ஐரோப்பாவில் செத்தால் பெயர், ஆசியாவில் செத்தால் எண். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்பது அதன் கணக்கு.

நம் பக்கத்துக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. கடற்கரையில் வெள்ளைத் தூண்களுக்கு நடுவே ஒரு சிப்பாய் சிலை நிற்கிறதே, பள்ளிச் சுற்றுலாவில் அதன் எதிரே உட்கார்ந்து சுண்டல் தின்றோமே, ஞாபகமா? அதே போரில் பிரான்ஸுக்காக மடிந்த புதுச்சேரிக்காரர்களுக்கு 1938இல் திறந்த நினைவுச்சின்னம் அது. அங்கே பெயர்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று மலர்வளையம் வைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. இருவரும் நம்மை ஆண்டவர்கள்தான். ஆனால் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்குப் பெயர் நின்றது, இந்தப் பக்கம் இருந்தவனுக்கு நிற்கவில்லை.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் பழைய கல்வெட்டுப் பலகைகள் உண்டு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று இருக்கும். அதிலும் எண்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். செஞ்சி, மயிலம், விக்கிரவாண்டி, மரக்காணம் பக்கம் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் ஊரில் அப்படிக் கல் இருந்தால் சுண்ணாம்பு பூசி மறைக்க விடாதீர்கள். படம் எடுத்து அனுப்புங்கள். பரணில் பழைய பதக்கம் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அதன் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதை நீங்களாவது கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்