சோடியம் காத்திருந்த காலம்: நரம்புத் துடிப்புக் கோட்பாட்டின் வளர்ச்சி, 1902–1952

ஜெர்மனியிலிருந்து வெளிவந்த ‘ஃப்ளூகர்ஸ் ஆர்க்கிவ்’ என்னும் உடலியல் இதழின் 92ஆம் தொகுதி 1902இல் அச்சானது. நரம்புக்குள் மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்ற கேள்விக்கான விடையின் இரண்டு பாதிகளும் அந்த ஒரே தொகுதியில் இருந்தன. ஒன்றை எழுதியவர் யூலியஸ் பெர்ன்ஸ்டைன். மற்றதை எழுதியவர் எர்னஸ்ட் ஓவர்டன். இரண்டும் பொருந்துவதை உலகம் உணர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. தக்க கருவி இல்லாததே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் முழுக் காரணம் அன்று. பெர்ன்ஸ்டைனின் கோட்பாடு மிக நன்றாக இருந்ததும் ஒரு காரணம் என்பதே என் வாதம்.

கால்வானி 1791இல் தவளைக் கால் துடிப்பைப் பற்றி எழுதியது முதல் இவ்வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். நம் கேள்விக்கு அதைவிட முக்கியமானது ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 வாக்கில் கோனிக்ஸ்பெர்க்கில் செய்த அளவீடு. தவளை நரம்பில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் வேகத்திலேயே சென்றது. செப்புக் கம்பியில் மின்சாரம் பாய்வதைப் போன்றதன்று இது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அவரிடம் உதவியாளராயிருந்த பெர்ன்ஸ்டைன், 1868இல் தாமே வடிவமைத்த சுழல்கருவியால் நரம்பில் செல்லும் அந்த மின்துடிப்பின் வடிவத்தை வரைந்தார். அவருடைய பதிவுகள் சிலவற்றில் மின்னழுத்தம் சுழி வரை இறங்கியதோடு நிற்காமல் அதைக் கடந்தும் சென்றிருந்தது.

1902ஆம் ஆண்டுக் கோட்பாட்டில் அந்தப் பதிவுகளுக்கு இடமில்லாமல் போயிற்று. அதில் பெர்ன்ஸ்டைன் சொன்னது இதுதான்: உயிரணுவுக்குள் பொட்டாசியம் அயனி மிகுதி, வெளியே குறைவு. ஓய்வில் இருக்கும் சவ்வு பொட்டாசியத்தை மட்டுமே கசியவிடுகிறது. நேர்மின் சுமையுடன் அது வெளியேறப் பார்ப்பதால் உட்புறம் எதிர்மின் தன்மை பெறுகிறது. நெர்ன்ஸ்டின் சமன்பாடு சொல்வதுபோல் இந்த மின்னழுத்தம் வெப்பநிலையோடு கூடுவதையும் அவர் சோதித்துக் காட்டினார். தூண்டலின்போது சவ்வு தன் தெரிவுத்திறனை இழந்து எல்லா அயனிகளையும் விட்டுவிடுகிறது, அதனால் மின்னழுத்தம் மறைகிறது என்றார். முதற்பகுதி பெருமளவு சரி. இரண்டாவதன்படி மின்னழுத்தம் சுழியைத் தொடலாம், தாண்ட இயலாது.

ஓவர்டனின் வழி வேறு. தவளைத் தசையைச் சோடியம் உப்பில்லாத சர்க்கரைக் கரைசலில் வைத்தார். தசை கிளர்ச்சியுறும் திறனை இழந்தது. உப்பைச் சேர்த்ததும் திறன் மீண்டது. கிளர்ச்சியின்போது சோடியம் உள்ளே வர, பொட்டாசியம் வெளியேறக்கூடும் என்று அவர் எழுதினார். அப்படியானால் வாழ்நாள் முழுதும் துடிக்கும் இதயத்தில் இரண்டும் ஏன் கலந்து சமமாகிவிடவில்லை என்ற நேர்மையான ஐயத்தையும் அவரே எழுப்பினார். அயனிகளை மீண்டும் இடம் மாற்றும் சோடியம்-பொட்டாசியம் ஏற்றியின் நொதியை 1957இல் யென்ஸ் ஸ்கௌ விவரித்தபோதுதான் அதற்கு விடை உருப்பெற்றது.

முட்டுக்கட்டையை உடைத்தது ஒரு கடல் உயிரி. ஊசிக் கணவாயின் உடலில் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடித்த நரம்பிழை இருப்பதை ஜே. இசட். யங் 1936இல் எடுத்துக்காட்டினார். 1939 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அந்த இழைக்குள் நீளவாக்கில் மெல்லிய கண்ணாடிக் குழாய் மின்முனையைச் செலுத்தினார்கள். துடிப்பின் உச்சியில் இழையின் உட்புறம் சுழியைக் கடந்து ஏறத்தாழ 40 மில்லிவோல்ட் நேர்மின் தன்மை அடைந்தது. பெர்ன்ஸ்டைனின் இரண்டாம் பாதி அங்கே வீழ்ந்தது. சில வாரங்களில் போர் மூண்டது.

போர்க்கால இடைவெளிக்குப் பின் 1945இல் அவர்கள் எழுதிய கட்டுரையை நான் மிக முக்கியமான சான்றாகக் கருதுகிறேன். சுழியைக் கடப்பதற்கு அதில் நான்கு விளக்கங்கள் தந்தார்கள். நான்கிலும் சோடியம் இல்லை! ஓவர்டனின் ஆய்வு அச்சாகி 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. சவ்வு ‘திறந்துவிடுகிறது’ என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. ஒரேயோர் அயனிக்கு மட்டும் சிறப்பாக அது திறக்கலாம் என்பது எளிதில் தோன்றவில்லை.

அந்த அயனி சோடியமா என்பதை ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்ஸும் 1947இல் சோதித்து, 1949இல் வெளியிட்டனர். இழையைச் சுற்றியிருந்த கடல்நீரில் சோடியத்தைக் குறைத்தால் துடிப்பின் உச்சி தாழ்ந்தது, கூட்டினால் உயர்ந்தது. ஓய்வு மின்னழுத்தமோ பெரிதாக அசையவில்லை. அமெரிக்காவில் கென்னத் கோல் உருவாக்கிய, சவ்வின் மின்னழுத்தத்தை விரும்பிய அளவில் பிடித்து நிறுத்தும் முறையைக் கொண்டு அடுத்த கட்டம் நகர்ந்தது. முதலில் சோடியத்தின் வழி விரைந்து திறந்து தானே மூடிக்கொள்கிறது, பொட்டாசியத்தின் வழி சற்றுத் தாமதித்துத் திறந்து மின்னழுத்தத்தைக் கீழிறக்குகிறது. உள்ளே புகும் சோடிய மின்னோட்டம் பக்கத்துச் சவ்வையும் தூண்டுவதால் ஒவ்வோர் இடத்திலும் துடிப்பு புதிதாகப் பிறக்கிறது. நெடுந்தூரம் சென்றும் அது தேயாததற்கு இதுவே காரணம்.

1952இல் வெளியான ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரின் சமன்பாடுகள் இவற்றை எண்களாக்கின. கேம்பிரிட்ஜின் கணினி அப்போது பயன்பாட்டில் இல்லாததால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணிப்பொறியில் கணக்கிட்டார். துடிப்பின் வேகம் நொடிக்கு 18.8 மீட்டர் என்று வந்தது. இழையில் அளந்த வேகம் 21.2 மீட்டர். வேகத்தைக் குறிக்கும் எண் எதையும் சமன்பாட்டுக்குள் முன்கூட்டி இடாமல் கிடைத்த நெருக்கம் இது.

பொட்டாசிய ஓட்டத்துக்கு அவர்கள் ஒரு மாறியை நான்காம் அடுக்கில் வைத்தார்கள். வளைகோடு பொருந்துவதற்காகவே அப்படிச் செய்தனர், மூலக்கூறு எதையும் கண்டு அன்று. மின்னழுத்தத்தால் திறக்கும் பொட்டாசிய வாயில் நான்கு துணையலகுகளால் ஆனது என்று ராடரிக் மெக்கின்னன் 1991இல் காட்டினார். சோடியத்துக்கு அவர்கள் இட்ட மூன்றாம் அடுக்குக்கு அத்தகைய நேரடிப் பொருத்தம் கிடைக்கவில்லை. அந்த வாயிலிலும் நான்கு பகுதிகளே இருக்கின்றன.