பரிசோதனைப் பெறுபேறுகளை அனுப்பும்போது கூடவே போகும் பெயர்கள்

திறந்த மூல மென்பொருளை உருவாக்குபவர்களிடம் எல்லா வகைக் கணினிகளும் இருப்பதில்லை. அவர்களுடைய கணினியில் ஒழுங்காக இயங்கும் நிரல் இன்னொருவருடைய கணினியில் பிழைக்கலாம். அதனால் பலரும் தத்தமது கணினியில் பரிசோதனைகளை நடத்தி, பெறுபேறுகளை இணையத்திலுள்ள ஒரு பொதுப் பலகைக்கு அனுப்புகிறார்கள். இதை டாஷ்போர்ட் என்பர். மருத்துவப் படங்களை ஆராயும் ஐடிகே என்ற மென்பொருள், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் ஆதரவுடன் 1999இல் தொடங்கப்பட்டது. அதன் பணிகளோடு வளர்ந்த வழக்கம் இது. இன்று பல திட்டங்கள் கிட்வேர் நிறுவனத்தின் சீடாஷ் பலகையைப் பயன்படுத்துகின்றன.

நானும் வன்னியிலிருந்து ஒரு பழைய மடிக்கணினியில் இதைச் செய்து வருகிறேன். தொடங்க விரும்பும் இளையோருக்காக, நான் கற்றவற்றை இங்கே தருகிறேன்.

பெறுபேறு எங்கே போக வேண்டும் என்ற முகவரி, திட்டத்தின் சீடெஸ்ட் அமைப்புக் கோப்பில் இருக்கும். சீடெஸ்ட் கட்டளைக்கு 'எக்ஸ்பெரிமென்டல்' என்று கொடுத்தால், நிரலைத் தொகுப்பது, பரிசோதிப்பது, அனுப்புவது எல்லாம் ஒரே தடவையில் நடக்கும். 'நைட்லி' என்பது நாள்தோறும் குறித்த நேரத்து மூலநிரலை எடுத்து எல்லோரும் பரிசோதிப்பது. 'கன்டினியூவஸ்' என்பது நிரல் மாறும்போதெல்லாம் பரிசோதிப்பது. புதியவர்களுக்கு முதலாவதே போதும்.

இணைப்பு அறுந்தால் பயப்பட வேண்டாம். பெறுபேறுகள் 'டெஸ்டிங்' என்ற கோப்புறையில், திகதியிட்ட உட்கோப்புறைக்குள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருக்கும். இணைப்பு வந்ததும் 'சப்மிட்' படியை மட்டும் மீண்டும் செய்யுங்கள். முதலிலிருந்து தொடங்கினால் புதிய பதிவு உருவாகிவிடும்.

அடுத்ததை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் மடிக்கணினிக்கு 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட என் அண்ணாவின் பெயரை வைத்திருந்தேன். நாம் வேறு பெயர் கொடுக்காவிட்டால் சீடெஸ்ட் கணினியின் பெயரையே அனுப்பும். முதல் தடவை அனுப்பிவிட்டுப் பலகையைத் திறந்தேன். யாரும் பார்க்கக்கூடிய அந்தப் பக்கத்தில், தோல்வியடைந்த மூன்று பரிசோதனைகளுக்குப் பக்கத்தில் அண்ணாவின் பெயர் நின்றது. அம்மாவைக் கேட்காமல் அந்தப் பெயரை நான் எங்கும் எழுதியதில்லை. அனுப்பியவரால் அதை அழிக்க முடியவில்லை. திட்டத்தின் நிர்வாகிக்கு எழுதி நீக்குவித்தேன்.

ஆகவே அனுப்பும் முன்னர் 'சைட்' என்ற மாறிக்கு ஒரு பொதுவான பெயரைக் கொடுங்கள். 'பில்ட்நேம்' என்பதில் இயங்குதளத்தையும் தொகுப்பியின் பதிப்பையும் எழுதினால் போதும். தொகுப்பியின் எச்சரிக்கைகளில் கோப்புறைப் பாதை வருவதால், அதிலுள்ள பயனர் பெயரும் வெளியே போகும். எக்ஸ்எம்எல் கோப்புகளைத் திறந்து ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

ஆனால் சிவப்பில் வரும் தோல்விகளை மறைக்க வேண்டாம். தோல்வியடைந்த பரிசோதனையை விலக்கிவிட்டு அனுப்பினால், உங்கள் கணினியில் மட்டும் தெரியும் பிழை யாருக்கும் தெரியாமலே போய்விடும். என்னுடைய மூன்று தோல்விகளையும் பொதுவான பெயரில் மறுபடி அனுப்பினேன். அவை அங்கேதான் இருக்கின்றன. அண்ணாவின் பெயர் மடிக்கணினியில் இருக்கிறது.