கொதிப்பும் ஒத்தடமும்: ஹனூர் வட்டாரத்தில் இரத்த அழுத்தக் கல்வி

"இப்போ கொதிப்பு இல்லீங்க, அதான் மாத்திரைய விட்டுட்டேன்." தமிழ் பேசும் எந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. அறியாமை என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். பேசியவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அடுப்பில் கொதிப்பது கண்ணுக்குத் தெரியும். தீயை அணைத்தால் அடங்கிவிடும். நோய்க்கு 'ரத்தக் கொதிப்பு' என்று பெயர் வைத்துவிட்டு, கொதிப்பது தெரியாத நாளிலும் மாத்திரை போடு என்றால் அவர் ஏன் நம்ப வேண்டும்? நோயாளிக் கல்வி இந்தப் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், மாதேஸ்வரன் மலையை உள்ளடக்கிய ஹனூர் வட்டத்தில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. இது பழைய கொள்ளேகால் வட்டத்தின் பகுதி. 1956 மாநிலச் சீரமைப்பு வரை கொள்ளேகால், கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. மார்டள்ளி போன்ற ஊர்களில் இன்றும் வீட்டு மொழி தமிழ். அரசு மருத்துவமனையின் மொழி கன்னடம். கன்னடத்தில் இந்நோய் 'ரக்ததொத்தட'. 'ஒத்தட' என்றால் அழுத்தம். மருத்துவப் பொருளுக்கு நம் கொதிப்பைவிட நெருக்கமான சொல். ஆனால் தமிழ்க் காதுக்கு ஒத்தடம் என்பது வீக்கத்துக்கு இதமாகக் கொடுக்கும் கைவைத்தியம். இரண்டுக்கும் நடுவே 'பிபி' என்ற பொதுச்சொல் புழங்குகிறது. அதிலும் ஒரு குறை: 'எனக்கு பிபி இருக்கு' என்னும்போது, அழுத்தம் எல்லாருக்கும் உண்டு, 140/90 என்ற எல்லையைத் தாண்டுவதே நோய் என்ற செய்தி மறைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் அச்சான துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் தீருமா? தீராது. இங்கே வீட்டில் தமிழ் பேசுபவர் பலர் பள்ளியில் படித்தது கன்னடம். அவர்களுக்கான பாடம் தமிழில் வாய்மொழியாக வர வேண்டும். கையில் கொடுக்கும் அட்டை கன்னடத்தில் இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை, இந்தியாவில் 30 முதல் 79 வயதுக்குள் சுமார் 18.8 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் நோய் கண்டறியப்பட்டவர்கள் 37 விழுக்காடு. கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் 15 விழுக்காடு. அதாவது, நோய் இருப்பது தெரிந்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கு அழுத்தம் அடங்கவில்லை. கண்டுபிடித்துச் சொல்வதோடு வேலை முடிவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

உப்பு விஷயத்துக்கு வருவோம். 'உப்பைக் குறைங்க' என்பது வெறும் அறிவுரை. மைசூரு, மண்டியா, சாமராஜநகர் பகுதியின் அன்றாட உணவு ராகிக் களியும் உப்புசாறும். கீரையும் பருப்பும் வேகவைத்து வடித்த நீரில் உப்பிட்டு, மிளகாயும் பூண்டும் உப்பும் வைத்து அரைத்த காரத்தைக் கலந்து களியோடு உண்பார்கள். பெயரிலேயே உப்பிருக்கும் குழம்பை விடச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது, அது கீரையும் பருப்பும் சேர்ந்த நல்ல உணவு. வடிநீரில் உப்பைப் பாதியாக்கி, காரத்தில் பூண்டையும் எலுமிச்சையையும் கூட்டலாம் என்று அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும். கணக்கையும் வீட்டுக் கணக்காகச் சொல்லலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நான்கு பேருக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் குறைந்தது 50 நாள் வர வேண்டும். ஊறுகாயும் கருவாடும் சேரும் வீட்டில் அதைவிடக் கூடுதலாகவே வர வேண்டும். பாக்கெட் வாங்கிய தேதியைச் சுவரில் கரியால் எழுதிவைத்தால் போதும், வீடே கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

இதை யார் சொல்லிக்கொடுப்பது? வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்றிலும் 30 கிராமப்புறச் சமூகங்களில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2020-இல் வெளியானது. அவற்றில் ஒரு பகுதியில் அரசின் களப்பணியாளர்களே வீடு தேடிப் போய் அழுத்தம் பார்த்துக் கற்பித்தார்கள்; மருத்துவர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. 2 ஆண்டுகளில் அழுத்தத்தின் மேல் அளவு அங்கே, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற மற்றச் சமூகங்களைவிடச் சுமார் 5 மி.மீ. கூடுதலாகக் குறைந்தது. கல்வி மட்டும் செய்த வேலை அல்ல இது. ஆனால் உள்ளூர் ஆள் வாசலுக்கு வந்து பேசியது அதன் முதுகெலும்பு. ஹனூரில் அந்த இடத்தில் இருப்பவர் ஆஷா பணியாளர்.

எல்லையிலுள்ள பாலாற்றுக்கு அப்பால், தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. பெரிய காரியம் அது. மாத்திரை கையில் இல்லாதவரிடம் தினமும் போடச் சொல்வது பாடமாகாது. ஆனாலும் டப்பாவில் மாத்திரை இருந்தும் போடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் 'கொதிக்கவில்லை'.

ஆகவே மாவட்டச் சுகாதாரத் துறையிடம் ஒரு வேண்டுகோள். ஹனூர் வட்டத்தின் தமிழ் வீடுகளுக்குத் தமிழ் பேசும் ஆஷாக்களை அனுப்புங்கள். கருவியைக் கையில் கட்டுமுன், இந்த நோயை உங்கள் வீட்டில் என்னவென்று சொல்வீர்கள் என்று அவர்கள் முதலில் கேட்கட்டும்.