தாமஸ் பிட் (1653–1726)

ஆங்கிலேய வணிகர், நாடாளுமன்ற உறுப்பினர், 1698 முதல் 1709 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒரு பாதிரியாருக்கு மகனாகப் பிறந்தார். 1674இல் ஒடிசாக் கரையிலுள்ள பாலேசுவரத்தில் இறங்கி, கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையை மதிக்காமல் பாரசீகத்துக்கும் வங்காளத்துக்கும் இடையே சொந்த வணிகம் நடத்தினார். கம்பெனி வழக்குப் போட்டது, அபராதமும் விழுந்தது. அவர் ஓயவில்லை.

சேர்த்த பணத்தை அரசியலில் இறக்கினார். 1691இல் அவர் வாங்கிய ஓல்டு சாரம், குடியிருப்பு அற்றுப்போன ஒரு மேடு. ஆனாலும் அதற்கு நாடாளுமன்றத்தில் 2 இடங்கள் இருந்தன. நிலம் யார் கையிலோ, அந்த இடங்களும் அவர் கையில். அடக்க முடியாத இந்த மனிதரைக் கடைசியில் கம்பெனியே சென்னைக்கு ஆளுநராக அனுப்பிவைத்தது.

1702இல் கர்நாடக நவாப் தாவூது கான் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். பிட் அசையவில்லை, ஆனால் பணம் கைமாறிய பிறகே முற்றுகை விலகியது. 1707இல் எந்தச் சாதியாரின் ஊர்வலம் எந்தத் தெருவில் போவது என்று வலங்கையார், இடங்கையார் என்ற இரு சாதிப் பிரிவினருக்கிடையே மூண்ட பூசலில் வலங்கையார் பலர் ஊரைவிட்டுச் சாந்தோமுக்குப் போய்விட்டனர். 1708இல் திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய 5 ஊர்களைத் தாவூது கானிடமிருந்து கம்பெனிக்குப் பெற்றுத் தந்தார். அவருடைய ஆட்சியில் சென்னைக்கு நிலைத்த விளைவு இதுதான். 1717இல் முகலாயப் பேரரசர் பரூக்சியரின் ஆணை அதை உறுதிசெய்தது.

ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது ஒரு வைரத்துக்காக. கிருஷ்ணைக் கரைச் சுரங்கத்தில் கிடைத்த, 400 கேரட்டுக்கு மேற்பட்ட பட்டை தீட்டாத கல் அது. அதைக் கொண்டுவந்த வைர வணிகர் ஜாம்சந்த் முதலில் கேட்ட விலை 2,00,000 வராகன் (பொன் நாணயம்). பேரம் பலமுறை முறிந்து, 48,000 வராகனுக்குப் படிந்தது. கல்லை மகன் ராபர்ட் லண்டனுக்குக் கொண்டுபோனார். திருட்டுக் கல் என்ற பேச்சு பரவியதால், 1710இல் தாயகம் திரும்பும் வழியில் நார்வேயின் பெர்கனில் தங்கியபோது, நேர்மையாக வாங்கியதே என்று பிட் எழுதிவைத்தார். 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளர் ஓர்லியான்சு கோமகன் 1,35,000 பவுனுக்கு அதை வாங்கினார். இன்று பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

சென்னையில் திரண்ட செல்வம் இங்கிலாந்தில் ஓர் அரசியல் குடும்பத்தையே நிறுத்தியது. பேரன் வில்லியம் பிட் 1735இல் ஓல்டு சாரத்திலிருந்து நாடாளுமன்றம் புகுந்து, பின்னர் பிரதமரானார். கொள்ளுப்பேரனான இளைய வில்லியம் பிட்டும் பிரதமரானார். அவர் 1784இல் கொண்டுவந்த இந்தியச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியை அரசின் கண்காணிப்பின் கீழ் வைத்தது.