மணலின் கணக்கு: ஒலுவில் கரை சொல்லும் வரலாறு



வாடைக்காலம் தொடங்கினால் நம் கைபேசிகளுக்கு வரும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான். வேரோடு சரிந்த தென்னை, அத்திவாரம் தெரிய நிற்கும் மீன் வாடி, பாதி காணாமற்போன கடற்கரை வீதி. "யா அல்லாஹ், எங்கள் ஊரைக் காப்பாற்று" என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். துஆ கேட்பது நம் கடமை. ஆனால் இந்த மண் எப்போது, ஏன் போகத் தொடங்கியது என்று நம் பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வோம்? அதற்காகவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு விடயம். கரையில் கிடக்கும் மணல் ஓரிடத்தில் இருப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. அலை கரைக்குச் சாய்வாக வந்து அடிக்கும்போது மணலைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிவிட்டுப் போகிறது. வாடை வீசும் மாதங்களில் மணல் தெற்கே நகரும். சோழகக் காலத்திலும், தென்சமுத்திரத்திலிருந்து வரும் நீண்ட அலைகளாலும் வடக்கே நகரும். வருடம் முழுவதையும் கூட்டிக் கழித்தால் நமது கிழக்குக் கரையில் வடக்கே போகும் மணல்தான் அதிகம். அக்கரைப்பற்றின் மணல் பாலமுனைக்கும், பாலமுனையின் மணல் ஒலுவிலுக்கும், ஒலுவிலின் மணல் நிந்தவூருக்கும் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. எந்த ஊருக்கும் அது சொந்தமில்லை. வாங்கி வாங்கிக் கொடுத்தே எல்லா ஊரும் கரையைக் காத்துக்கொண்டன.

இந்த மணலில் ஒரு பங்கு மலையிலிருந்து ஆறு கொண்டுவந்தது. நம் பெரியவர்கள் பட்டிப்பளை ஆறு என்பார்கள், இன்று கல்லோயா. 1949 இல் இங்கினியாகலையில் அணை கட்டும் வேலை தொடங்கியது. சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. அந்தத் தண்ணீரில்தான் நம் வயல்கள் விளைகின்றன, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அணை தண்ணீரை மட்டும் மறிப்பதில்லை, மணலையும் மறிக்கிறது. பின்னர் ஆற்று மணலை நாமே வீடு கட்ட அள்ளினோம். கடலுக்குச் சேர வேண்டிய வரவு அங்கேயே குறையத் தொடங்கிவிட்டது.

இனித் துறைமுகம். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் 1994 இல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரானார். ஒலுவிலில் துறைமுகம் என்பது அவருடைய கனவு. நம்முடைய கனவும் அதுதான். கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போய் உழைத்த நம் பிள்ளைகளுக்கு ஊரிலேயே தொழில் வரும் என்று நம்பினோம். 2000 செப்டம்பர் 16 அன்று அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். 2004 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். அந்தக் காயம் ஆறும் முன்னே, 2008 ஜூலையில் டென்மார்க் கடனுதவியுடன் துறைமுக வேலை தொடங்கியது. 2013 செப்டம்பர் 1 அன்று திறந்தார்கள்.

கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர்கள் வடக்கே நடந்துகொண்டிருந்த மணலை மறித்தன. தென்பக்கம் மணல் குவிந்தது. வடபக்கம் அலை வழமைபோல் மணலை எடுத்துக்கொண்டு போனது, ஆனால் அந்த இடத்தை நிரப்ப மணல் வரவில்லை. கரை பின்வாங்கியது. தென்னந்தோட்டங்களும் வாடிகளும் போயின. மறிபட்ட மணல் துறைமுக வாயையும் அடைத்தது. வர்த்தகக் கப்பல் வந்துபோகும் துறைமுகமாக அது ஆகவில்லை. மீன்பிடிப் படகுகளும் வாயில் திண்டாடின. படகுக்காரர்கள் வாயைத் தோண்டச் சொல்ல, கரையை இழந்தவர்கள் மறுக்க, நம் ஆட்களே இரண்டாகப் பிரிந்து நின்றதையும் கண்டோம்.

இது யாருக்கும் தெரியாத விஞ்ஞானமா? இல்லை. இதே வங்கக் கடலில், இதேபோல் மணல் வடக்கே போகும் கரையில், 1876 இல் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே ராயபுரம் அரிபட்டது. நமக்கு நடந்தது, நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு கரையில் எழுதப்பட்ட பாடம்.

கடல்மட்டம் உயர்வதுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். உலகக் கடல்மட்டம் உயர்வது உண்மை. ஆனால் அது வருடத்துக்குச் சில மில்லிமீற்றர். ஒரு சுவரின் தென்பக்கம் கரை வளர்ந்து வடபக்கம் மட்டும் தேய்வதை அது விளக்காது.

இங்கே நம்மையும் நாம் கேட்க வேண்டும். துறைமுகம் வேண்டும் என்று மேடையிலும் தேர்தலிலும் கேட்டோம். வந்தபோது யார் பெயர் கல்லில் பொறிக்கப்படும் என்று சண்டை பிடித்தோம். "மணல் எங்கே போகும்?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் ஆசிரியர்களாகிய நாமும் கேட்கவில்லை. அஷ்ரப் அவர்களின் கனவைக் குறை சொல்வதாகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. ஒரு தலைவரின் கனவை மதிப்பதென்றால் அதைக் கணக்குப் பார்த்து நிறைவேற்றுவதும் அதில் அடங்கும்.

இப்போது கல் போடச் சொல்கிறோம். போட்ட இடத்தில் கரை நிற்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கல் முடியும் இடத்தில் அரிப்பு தொடங்கும். ஒலுவிலில் போட்டால் நிந்தவூர், நிந்தவூரில் போட்டால் அதற்கு வடக்கே காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது. இதில் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று கடல் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஊரும் தனித்தனியே கல் கேட்டால், நம் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வளவுக்குள் தள்ளுவது போலத்தான்.

வேறு வழி உண்டு. அவுஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்தில் சுவர் மறிக்கும் மணலைப் பம்பி மூலம் மறுபக்கக் கரைக்கு அனுப்புகிறார்கள். 2001 முதல் அது நடக்கிறது. நமக்கும் அதுதான் பொருத்தம்: வாயைத் தோண்டும் மணல் விற்பனைக்கோ வேறு வேலைக்கோ போகாமல் வடக்குக் கரைக்கே திரும்ப வேண்டும். படகுக்காரரும் கரையோரத்தாரும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரே கோரிக்கையும் இதுதான். செலவு உண்டு, ஒருமுறை செய்துவிட்டு விடக்கூடியதும் அல்ல. அதனால்தான் எல்லா ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகங்களும், கோவில் நிர்வாகங்களும், மீனவர் சங்கங்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட வேண்டும் என்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பாவிடம், உம்மம்மாவிடம் கேளுங்கள்: முன்பு கரை எதுவரை இருந்தது? கரைவலை எந்த இடத்தில் இழுத்தார்கள்? பழைய உறுதி, பழைய கல்யாணப் படம், எதில் கடற்கரை தெரிந்தாலும் எடுத்து வையுங்கள், வருடத்தைக் குறித்து வையுங்கள். நாளை ஓர் அதிகாரி "இங்கே நிலம் இருந்ததற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால், கடலைக் கைகாட்டிக்கொண்டு நிற்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது.

உங்களிடம் இருப்பதைக் கீழே பதியுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். வஸ்ஸலாம்.