காரில் சாவி சிக்கிக்கொண்டால்: இழுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

புதுதில்லி: காரை நிறுத்தி இன்ஜினை அணைத்த பின்னும் சாவி வெளியே வர மறுத்தால், பெரும்பாலோர் முதலில் செய்வது அதைப் பலங்கொண்டு இழுப்பதுதான். ஆனால் இவ்வாறு சிக்கும் சாவிகளில் பல, பழுதினால் சிக்குவதில்லை. வாகனம் இன்னும் பாதுகாப்பான நிலையில் நிறுத்தப்படவில்லை என்பதால் பூட்டே அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. காரணம் அறியாமல் இழுத்தால் சாவி முறிந்து, அதன் பாதித் துண்டு பூட்டுக்குள் தங்கிவிடும். சில நிமிடங்களில் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல், பூட்டையே மாற்ற வேண்டிய செலவாக வளரும்.

சாவி செருகும் கார்களில் பொதுவாக லாக், ஏசிசி, ஆன், ஸ்டார்ட் என நான்கு நிலைகள் உண்டு. லாக் நிலைக்கு முழுமையாகத் திரும்பினால் மட்டுமே சாவி வெளியே வரும். இன்ஜின் ஏசிசி நிலையிலேயே அணைந்துவிடுவதால், சாவி கடைசி நிலைக்கு வந்துவிட்டதாக ஓட்டுநர் எண்ணிக்கொள்கிறார். ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருந்தால் சாவி ஏசிசியில் நிற்கிறது என்று பொருள்.

மேனுவல் கியர் கார்களில் இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். மாருதி சுசூகி உள்ளிட்ட நிறுவனங்களின் சாவி வகைக் கார்கள் பலவற்றில், ஏசிசியிலிருந்து லாக் நிலைக்குத் திருப்பும்போது சாவியைச் சற்று உள்நோக்கி அழுத்த வேண்டும். ஓடும் காரில் கை தவறிச் சாவி லாக் நிலைக்குச் சென்று ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. வேறு காரிலிருந்து மாறி வந்தவர்களும், நண்பரின் காரை ஓட்டுபவர்களும் இதை அறியாமல் மெக்கானிக்கை அழைப்பது அரிதன்று. உள்ளே அழுத்தித் திருப்பிப் பார்ப்பதே முதல் சோதனை.

ஆட்டோமேட்டிக் காரில் கியர் லீவர்

'பார்க்' நிலை உள்ள ஆட்டோமேட்டிக் கார்களில், லீவர் அந்த நிலைக்கு வராமல் சாவி வெளியே வராது. அமெரிக்காவின் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதிகளில் 114ஆவது விதி இதைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறது. இந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அனுபவம் சான்று. 2014 ஏப்ரலில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை உருவிவிட முடிகிறது என்பதற்காக, பல லட்சம் கார்களின் பூட்டு உருளைகளை மாற்றித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஓட்டுநர் சாவியுடன் இறங்கிய பின் கார் தானாக நகரக்கூடும் என்பதே அச்சம். வர மறுக்கும் சாவி எரிச்சலூட்டினாலும், வரக்கூடாத நேரத்தில் வந்துவிடும் சாவி அதைவிட ஆபத்தானது.

எனவே ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதித்தபடி, லீவரை ஒருமுறை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மீண்டும் 'பார்க்' நிலைக்கு அழுத்தமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். மீட்டர் பலகையில் 'பி' என்ற எழுத்து ஒளிர்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். லீவர் சரியான இடத்தில் இருந்தும் எழுத்து தெரியவில்லை என்றால், லீவரின் நிலையைக் கண்டறியும் சிறிய சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். லீவர் பகுதியில் சிந்திய தேநீரும் குளிர்பானமும் உலர்ந்து பிசுபிசுப்பாகி இந்தச் சுவிட்சை முடக்குவதுண்டு. கோப்பை வைக்கும் குழியை லீவருக்குப் பக்கத்திலேயே அமைத்துவிட்டு இதைத் தவிர்க்கச் சொல்வது சற்று முரண்தான்.

பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தாலும் சில ஆட்டோமேட்டிக் கார்களில் சாவி விடுபடாது. அந்தப் பிடியைத் தளர்த்தும் மின்காந்தப் பூட்டுக்கு மின்சாரம் தேவை என்பதே காரணம். விளக்குகள் மங்கலாக எரிந்தால் அல்லது ஹாரன் ஒலிக்காவிட்டால் முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். வேறொரு வாகனத்திலிருந்து ஜம்ப் கேபிள் மூலம் மின்சாரம் கொடுத்ததும் சாவி எளிதாக வந்துவிடக்கூடும். பிரேக் மிதித்தும் பின்புறச் சிவப்பு விளக்கு எரியவில்லை, லீவரும் 'பார்க்' நிலையை விட்டு அசையவில்லை என்றால் பிரேக் சுவிட்ச் அல்லது அதன் ஃபியூஸ் மீது சந்தேகம் கொள்ளலாம்.

இந்தியாவில் விற்பனையாகும் ஏஎம்டி கார்கள் பெரும்பாலானவற்றில் 'பார்க்' நிலையே கிடையாது. அவற்றுக்கு எந்த நிலையில் சாவியை எடுக்க வேண்டும் என்பதைக் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்வதே சரி.

சாவி திரும்பவே மறுத்தால்

வெளியே வராத சாவி ஒரு வகை என்றால், செருகிய பின் லாக் நிலையிலிருந்து அசையாத சாவி மற்றொரு வகை. இதற்குப் பெரும்பாலும் ஸ்டீயரிங் பூட்டே காரணம். சாவியை எடுத்த பின் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், உள்ளிருந்து ஓர் உலோக முனை வந்து ஸ்டீயரிங் தண்டின் பள்ளத்தில் விழுகிறது. முன் சக்கரம் நடைபாதைக் கல்லில் அழுந்தி நிற்கும்போது, அந்த முனையின் மீது சக்கரத்தின் இறுக்கம் முழுவதும் ஏறிவிடும். அப்போது சாவியால் அதைப் பின்னிழுக்க இயலாது. ஒரு கையால் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல அசைத்தபடி, மறு கையால் சாவியை இலேசாகத் திருப்ப வேண்டும். இரு பக்கங்களில் ஒன்றில் சிறிதளவு நெகிழ்வு தெரியும். அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டால் பூட்டு விடுபடும்.

ஸ்டீயரிங்கும் லீவரும் சரியாக இருந்தும் சாவி சிக்கினால் குறை சாவியிலோ பூட்டு உருளையிலோ இருக்கிறது. உருளைக்குள் வெவ்வேறு உயரங்களில் சிறு தகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. சாவியின் பற்கள் அவற்றைச் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் உருளை சுழலும், சாவியும் வெளிவரும். பல ஆண்டு பயன்பாட்டில் பற்கள் தேய்ந்தாலும், சாவி வளைந்தாலும், தூசு படிந்தாலும் இந்தப் பொருத்தம் கெடுகிறது. வீட்டில் பத்திரமாக இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்ப்பது எளிய சோதனை. அது தடையின்றி இயங்கினால் பழைய சாவியே குற்றவாளி. தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். தேயாத சாவியையே மாதிரியாகக் கொடுக்க வேண்டும்.

துவாரத்தில் கிராஃபைட் தூள் அல்லது உலர்வகை மசகு ஸ்பிரே சிறிதளவு போதும். தேங்காய் எண்ணெயும் இன்ஜின் ஆயிலும் அன்றைய தினம் பலன் தருவதுபோல் தோன்றினாலும், பின்னர் தூசைப் பிடித்து உள்ளே பசைபோல் இறுகிவிடும். சாவியைக் குறடால் திருப்புவதும், சுத்தியலால் ஓங்கித் தட்டுவதும் கூடாது. முறிந்த துண்டை எடுக்கப் பசை தடவும் முயற்சி, அதைப் பூட்டோடு ஒட்டிவிடும்.

கனமான சாவிக்கொத்தைத் தொங்கவிடுவதும் பூட்டுக்கு நல்லதன்று. 2014 பிப்ரவரியில் வெளிவரத் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸின் மற்றொரு குறைபாட்டில், சாவிக்கொத்தின் எடையாலோ குலுங்கலாலோ சுவிட்ச் 'ஆன்' நிலையிலிருந்து நழுவி, ஓடும்போதே இன்ஜின் அணைந்தது. காற்றுப் பைகளும் விரியவில்லை. அக்குறைபாட்டுடன் தொடர்புடையவையாக 124 மரணங்களை அந்நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டது.

சாவியோடு காரை விட்டுச் செல்லலாமா?

சாவி வரவில்லை என்பதற்காகக் காரை அப்படியே விட்டுவிட்டு உதவி தேடிச் செல்வதுதான் உண்மையான இடர். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 126ஆவது பிரிவின்படி, பொது இடத்தில் நிற்கும் வாகனத்தில் உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். அல்லது இன்ஜின் நிறுத்தப்பட்டு, பிரேக் போடப்பட்டு, வாகனம் தற்செயலாக நகராதபடி செய்யப்பட்டிருக்க வேண்டும். எனவே ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சரிவான இடமானால் சக்கரத்தின் அடியில் கல் வைக்க வேண்டும். குழந்தைகளைத் தனியே உள்ளே விடக்கூடாது.

காப்பீட்டு நோக்கிலும் இது சிறிய விஷயமன்று. வாகனத்தைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கைகளை எடுப்பது உரிமையாளரின் பொறுப்பு என்று மோட்டார் பாலிசியின் நிபந்தனைகள் கூறுகின்றன. கார் திருடுபோனால் நிறுவனங்கள் வழக்கமாக இரு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்கின்றன. சாவி காரிலேயே இருந்தது என்றால் இழப்பீடு பெறுவதில் தகராறு எழ வாய்ப்புண்டு. ஒருவரைக் காரில் இருக்கச் செய்துவிட்டு, பாலிசியில் சாலையோர உதவி சேர்க்கப்பட்டிருந்தால் அந்த எண்ணை அழைப்பது நல்லது.

சாவி 'ஆன்' நிலையிலேயே நீண்ட நேரம் சிக்கியிருந்தால் பேட்டரி இறங்கிவிடும். பானெட்டைத் திறந்து பேட்டரியின் எதிர்முனை இணைப்பை ஸ்பேனரால் கழற்றி வைக்கலாம். கியர் பூட்டும் மின்கதவுகளும் அதன்பின் இயங்காமல் போகலாம் என்பதால், முன்னதாக லீவரை 'பார்க்' நிலையில் வைத்து, மற்றொரு சாவியைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம். சாவியைத் திருப்ப முடியாமல் மேனுவல் காரின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால், ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் முழுமையாகப் பிடித்து, உயர் கியரில் போட்டு கிளட்சை விட்டால் இன்ஜின் நின்றுவிடும். முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

பூட்டு உருளையை மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொன்னால், இம்மொபிலைசர் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாவியின் தலைப்பகுதியில் உள்ள சிப்பைக் கார் அடையாளம் கண்டால்தான் இன்ஜின் தொடர்ந்து ஓடும். சிப் இல்லாமல் வெட்டித் தரப்படும் மலிவான சாவி, பூட்டைத் திறக்கும், காரைக் கிளப்பாது. உருளையை மட்டும் மாற்றினால் கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று ஆகிவிடவும் கூடும். பழைய சாவிக்கே பொருந்துமாறு புதிய உருளையின் தகடுகளை மாற்றி அமைக்க முடியுமா என்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடலாம்.